நாலு துளைச் சோப்பு

…முப்பத்தொன்று, சந்தேகமே இல்லை, முப்பத்தொன்று கிராம் என்றுதான் தராசு காட்டிக்கொண்டிருந்தது, அப்போதுதான் அழைப்புமணி அடித்தது, மேல்வீட்டு அக்கா, தண்ணீர் மோட்டார் போடலாமா என்று கேட்டாள், போடுங்கள் என்றேன், என் கையுறையையும் முகத்தை மூடிய கண்ணாடியையும் பார்த்து அவளுக்குச் சிரிப்பு, என்ன, வெல்டிங் வேலையா என்று ஒரு கேள்வி, சோப்பு என்று நான் ஒரு பதில், மொத்தம் இரண்டு நிமிடம் இருக்குமா, மூன்று? திரும்பி வந்தால் தராசு அணைந்து கிடக்கிறது. பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகத் தானே தூங்கிப்போகிற ரகம். விசையை அழுத்தினேன். பூஜ்யம் என்றது. பிளாஸ்டிக் டம்ளருக்குள் காஸ்டிக் சோடா வெள்ளை வெள்ளையாக, கல்லுப்பு மாதிரி கண்ணெதிரே கிடக்கிறது, தராசு மட்டும் உள்ளே ஒன்றுமே இல்லை என்று சாதிக்கிறது. தூங்கி எழுந்தால் அதற்கு அப்போதிருந்துதான் கணக்கு, அதற்கு முன்னால் போட்டதெல்லாம் டம்ளரோடு சேர்த்தி. சரி, கொட்டிவிட்டு முதலிலிருந்து நிறுக்கலாம், முப்பத்தொன்று நினைவில் இருந்ததால் இன்றைக்குப் பிழைத்தேன், என்று நினைத்துக்கொண்டே டம்ளரைக் கையில் எடுத்தவன் திரும்பக் கீழே வைத்தேன். அன்றைக்கும் மணி அடித்ததே.

ஆறு வாரத்துக்கு முன்னால், முதல் தடவை செய்த அன்றைக்கு. பார்சல்காரர் வந்தார், சோப்பு ஊற்றுகிற அச்சுத் தட்டு கொண்டுவந்தார், கையெழுத்துப் போடப் பேனா எழுதவில்லை, உள்ளே வந்து வேறு பேனா தேடினேன், மேஜை இழுப்பறை, சட்டைப் பை, ஃபிரிட்ஜ் மேல்… இதெல்லாம் நினைவிருக்கிறது, பேனாவின் நிறம்கூட நினைவிருக்கிறது, தராசில் அப்போது எவ்வளவு இருந்தது என்பது மட்டும் நினைவில்லை. டம்ளர் காலியாக இருந்ததா? பாதி இருந்ததா? திரும்பி வந்து விசையை அழுத்தினேனா? நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது, எண்ணெய் ஐந்நூறு, காஸ்டிக் சோடா எழுபத்தெட்டு, பக்கத்தில் ஒரு டிக். எழுதியது சரியாகத்தான் இருக்கும். எழுதுவது எப்போதுமே சரியாகத்தான் இருக்கும். நான் வேலை பார்க்கிற மருந்துக்கடைப் பதிவேட்டிலும் ஐந்து மில்லிகிராம் என்றுதானே அழகாக எழுதியிருந்தேன், கை எடுத்துக் கொடுத்தது பத்து. எழுபத்தெட்டுக்கு மேல் ஒரு நாற்பது கூடப் போயிருந்தால்? எண்ணெயும் சோடாவும் ஒன்றையொன்று தின்றுதான் சோப்பாகிறது, எண்ணெய் தீர்ந்த பிறகு மிச்சமிருக்கிற சோடாவுக்குத் தின்ன என்ன இருக்கிறது? தோல் இருக்கிறது. தங்கை வீட்டுப் பாப்பாவின் தோல், ஏழு மாதம், நாம் விரலால் தொட்டால் தொட்ட இடம் கொஞ்ச நேரம் சிவந்திருக்கிற தோல்.

மணி பத்து இருபத்தைந்து. பாப்பாவுக்குக் குளியல் பத்தரைக்கு. தங்கை அதில் கறார், பத்தரைக்கு வெந்நீர், பதினொன்றுக்குத் தூக்கம், மாப்பிள்ளை கிண்டல் செய்வார், ரயிலுக்குக்கூட இவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது என்று. கையுறையைக் கழற்றினேன், ஒன்று கழன்றது, மற்றது கழல மாட்டேன் என்றது, பல்லால் இழுக்கப் போய், ஐயோ அதில் சோடா பட்டிருக்குமே என்று நிறுத்தி, குழாயில் கழுவி, கடைசியில் போனை எடுத்து அழுத்தினேன். அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. சோப்புப் போடாதே என்று செய்தி அனுப்பினேன், போனது, பார்க்கவில்லை. மாப்பிள்ளை எண்ணுக்கு அழைத்தால் அணைத்து வைத்திருக்கிறது, சனிக்கிழமையானால் வேலையிடத்தில் கூட்டம். கிளம்பிப் போய்விடலாமா? இரண்டு பஸ், ஒரு மணி நேரம், அதற்குள் துவட்டிப் பவுடர் போட்டுத் தூங்கவே வைத்துவிடுவாள். ஆனால் கொஞ்சம் இரு, நிதானமாக யோசி, சோப்பு கொடுத்து மூன்று வாரம் ஆகிறது, பாப்பாவுக்குத் தினமும் அதைத்தான் போடுகிறேன், வாசனை ரொம்ப நன்றாக இருக்கிறது, பாப்பா தோல் பட்டு மாதிரி இருக்கிறது என்று அவளே எத்தனை தடவை சொல்லிவிட்டாள், ஏதாவது ஆகியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்காதா? தெரிந்திருக்கும். தெரிந்திருக்குமா? சோடா எல்லா இடத்திலும் சமமாகக் கலந்திருக்கும் என்று யார் சொன்னது, நடுவில் ஒரு பொட்டாக ஒளிந்திருக்கலாம், மேலே தேயத் தேய இன்றைக்குத்தான் அது வெளியே வரலாம். அந்தப் பத்து மில்லிகிராமை வாங்கிப்போன பெரியவருக்கும் அப்படித்தானே, முதல் நாள் ஒன்றுமில்லை, இரண்டாம் நாள் ஒன்றுமில்லை, நாலாம் நாள்தான் குளியலறையில் தலைசுற்றி விழுந்தார்.

பெரியவரைப் பற்றி நினைக்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவன் நான், எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தே எந்த மருந்துக்கு வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன், ஒரே ஒரு நாள், இரண்டு அட்டையும் ஒரே நீலம், ரத்த அழுத்த மாத்திரை, ஐந்துக்குப் பதில் பத்து. முழங்கை வீக்கத்தோடு போயிற்று, ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லையே, ஒன்றும் ஆகவில்லையே. பெரியவர்கூட வந்து பரவாயில்லை தம்பி என்று விட்டுப்போனார். அவர் மருமகள்தான் அதற்கப்புறம் ஒவ்வொரு அட்டையையும் கடையிலேயே நின்று எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்துவிட்டுப் பையில் போடுவாள். கோபமாக இல்லை, சிரித்த முகத்தோடுதான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. பிறகு மற்றவர்களும் படிப்பதாகத் தோன்றியது, பிறகு நானே ஒவ்வொன்றையும் நாலு தடவை படித்தேன், வரிசை கதவுவரை நின்றது. முதலாளி போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டேன். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள், மனசு தானாக அடங்கும் என்றார் டாக்டர், மனைவி ஏதோ வீடியோ பார்த்துவிட்டு மெழுகுவத்தி செய்யுங்களேன் என்றாள், இரண்டு நாள் செய்தேன், உருக்கினால் ஊற்றினால் தீர்ந்தது, அளவே கிடையாது. எனக்கு அளக்க வேண்டும். உலகத்தில் இத்தனை பொழுதுபோக்கு இருக்க, விஷத்தை நிறுக்கிற பொழுதுபோக்கைத்தானே தேடிப் பிடித்தேன், என்னைச் சொல்ல வேண்டும்.

சோதித்துப் பார்த்துவிடலாமே, அதற்கு என்ன, அலமாரியில் இன்னும் இரண்டு கட்டி காகிதம் சுற்றி இருக்கிறது. மொத்தம் ஆறு, தங்கைக்கு மூன்று, எங்கள் குளியலறையில் ஒன்று, மிச்சம் இரண்டு. சோப்புச் செய்கிறவர்கள் எல்லோரும் செய்கிற சோதனைதான், கட்டியை நனைத்து நாக்கு நுனியில் வைப்பது, சுள்ளென்று பேட்டரியை நக்கியது போல் இழுத்தால் சோடா கூடுதல், வெறுமனே சோப்பு ருசி என்றால் தப்பித்தோம். முதல் தடவை அதை நான் செய்யவில்லை. மருந்து படித்தவன் நாக்கால் சோதிப்பதா என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். பொய். இழுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம், அவ்வளவுதான், பார்த்துத் தெரிந்துகொள்வதைவிடப் பார்க்காமல் நம்பிக்கொள்வது சுலபம். இப்போது காகிதத்தைப் பிரிக்கிறேன், மேலே லேசாக வெள்ளைப் பொடி, இது காற்றுப் பட்டால் வருகிற சாதாரணப் பொடியா, அல்லது… நகத்தால் சுரண்டினேன், கல் மாதிரி இருக்கிறது. இந்தக் கெட்டியை நினைத்து எத்தனை பெருமை எனக்கு! கடைச் சோப்பெல்லாம் ஒரு வாரத்தில் வழுவழுவென்று கரைந்து ஒழுகும், குளியலறையில் வைத்த என் சோப்பு மூன்று வாரமாக அப்படியே நிற்கிறது என்று மேல்வீட்டு அக்காவிடம்கூடச் சொல்லியாயிற்று. சோடா கூடினாலும் சோப்பு இப்படித்தான் கல்லாகும் என்று அப்போது ஏன் தோன்றவில்லை? கட்டியின் நடுவே என் பொத்தான் அடையாளம், கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டிலிருந்து அறுந்த பொத்தான், வேறு முத்திரை இல்லாததால் அதைத்தான் ஒவ்வொன்றிலும் அழுத்தினேன், ஒரு வட்டம், உள்ளே நாலு துளை. நாக்குவரை கொண்டுபோனேன். முடியவில்லை. இது இழுத்தால் அங்கே பாப்பா கத்திக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம், எனக்கு அது இப்போது தெரிய வேண்டாம்.

பத்து நாற்பது. பத்து நாற்பத்தைந்து. தண்ணீர் காதில் விழாமல் கை வைத்து மறைப்பாள், பிறகு கழுத்து மடிப்பு, அங்கேதான் நுரை தங்கும், தொடை மடிப்பு, அங்கேயும் தங்கும், எனக்கு எல்லா மடிப்பும் கண்முன் வருகிறது, ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாள், ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாளா? எங்கள் அண்ணன் செய்து கொடுத்தது என்று அங்கே சொல்வாளா? உங்கள் அண்ணன் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்பார்கள். ஒன்பதாவது தடவை அழைக்கும்போது அவசரத்தில் வேறு யாருக்கோ அழுத்திவிட்டேன், மன்னிப்புக் கேட்டு வைத்தேன், வைத்த உடனே போன் அடித்தது. தங்கை.

பாப்பா தூங்கிவிட்டாள் என்றுதான் முதலில் சொன்னாள், போன் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன், இப்போதுதான் பார்த்தேன், என்ன ஆயிற்று, அண்ணிக்கு ஏதாவதா என்று கேட்டாள். நான் தராசு, மணி, பார்சல்காரர், பேனா என்று தலைகால் புரியாமல் கொட்டினேன், சிவந்திருக்கிறதா பார், மடிப்பில் பார், தண்ணீரை விட்டுக்கொண்டே இரு, தேய்க்காதே, உடனே டாக்டரிடம் போ என்றேன். அந்தப் பக்கம் அவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“அண்ணா… நீ பயப்படாத. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. நாங்க அந்தச் சோப்பப் போடவே இல்ல.”

“இன்னிக்கா?”

“ஒரு நாள்கூட இல்லண்ணா. துணி அலமாரில வச்சிருக்கேன். அவர் வேண்டாம்னாரு… அவர் மேல பழி போடல, எனக்குமே பயமாத்தான் இருந்துச்சு. நீ ஆசையா கொடுத்த, நல்லா இருக்குன்னு சொன்னா உனக்குத் தெம்பா இருக்குமேன்னு சொன்னேன்.”

நல்ல காரியம் செய்தாய் என்றேன். உண்மையாகவே சொன்னேன், சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன், அப்படியொரு நிம்மதி, பாப்பா தூங்குகிறாள், அவள் கழுத்து மடிப்பில் கடைச் சோப்பு வாசனை, இதைவிட எனக்கு என்ன வேண்டும். கோபமா அண்ணா என்று கேட்டாள், சேச்சே என்றேன். சாப்பிட்டாயா என்றாள், சாப்பிட்டேன் என்றேன், சாப்பிடவில்லை. வைத்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வலிக்க ஆரம்பித்தது. பட்டு மாதிரி இருக்கிறது என்றாளே, அந்தப் பட்டை எங்கிருந்து பிடித்தாள்? பெரியவரின் மருமகளாவது முகத்துக்கு நேரே படித்துப் பார்த்தாள். சரி, தங்கையை விடு, கைக்குழந்தை வைத்திருக்கிறவள், நானாக இருந்தாலும்… மனைவி போடுகிறாளே. என் மனைவி தினமும் அதைத்தானே போட்டுக் குளிக்கிறாள், காலையில் பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு என்று அவசரமாகக் கிளம்பும்போதுகூட. எழுந்து குளியலறைக்குப் போனேன்.

சோப்புப் பெட்டியில் என் கட்டி. ஒரு வட்டம், நாலு துளை, ஓரம்கூட மழுங்கவில்லை, இன்றைக்கு அழுத்தியதுபோல் இருக்கிறது, விரல் வைத்துப் பார்த்தேன், உலர்ந்து கிடக்கிறது. கெட்டியான சோப்பு என்று மூன்று வாரமாகப் பெருமைப்பட்டேனே. ஷாம்பு பாட்டிலை நகர்த்தினேன். பின்னால் ஒரு சின்ன மூடியில் ரோஸ் நிறக் கடைச் சோப்பு, பாதி தேய்ந்து, ஈரமாக. ஆக இவளும். இவளும் என்று ஒரு நிமிடம் அழுகை வரும்போல் இருந்தது, அவள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றியதுமே கேட்டுவிட வேண்டும் என்று வாசகமெல்லாம் தயார் செய்தேன், ஏன் ஒளித்து வைத்தாய், என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று. அப்புறம்தான், பாட்டிலை நகர்த்திய என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தேடவே இல்லையே இந்தக் கை. ஷாம்புக்குப் பின்னால் இருக்கும் என்று அதற்கு யார் சொன்னது? அவள் குளித்தது ஆறு மணிக்கு, என் கட்டி உலர்ந்திருக்கிறது, ரோஸ் சோப்பு இன்னும் ஈரம். எட்டு மணிக்குக் குளித்தது யார்? நேற்று, முந்தாநாள், மூன்று வாரமாக, கண்ணை மூடித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பாட்டிலுக்குப் பின்னால் கையை விட்டது யார்? எத்தனை யோசித்தும் என் சோப்பின் நுரை எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவு வரவில்லை.

குழாயைத் திறந்து கட்டியை நனைத்தேன். நாலு துளையிலும் தண்ணீர் நின்றது. வாசலில் சாவி திரும்பியது, என்ன சத்தத்தையே காணோம், எங்கே இருக்கிறீர்கள் என்று மனைவியின் குரல், இதோ வருகிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன், திறந்த வாயோடு நாக்கை நீட்டிக் கட்டியை அதன் நுனியில் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று… ஒன்றும் இல்லை, கசப்பு, சோப்புக் கசப்புதான், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், நாலு, ஐந்து… எடுத்துவிடலாம், போதும், ஆனால் எடுக்கவில்லை, இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஆறு, ஏழு, சுள்ளென்று ஒரு தடவை இழுத்துவிடாதா என்று, இழுத்துவிட்டால் எல்லோரும் பயந்தது சரி என்று ஆகிவிடுமே என்று, அதற்காகவா காத்துக்கொண்டிருக்கிறேன், எட்டு…