உக்காத துணி

எல்லாரின்ரையும் உக்கிப் போச்சு. என்ரை மட்டும் நேற்றுக் கட்டினது மாதிரி நிக்குது.

மரத்தைக் கண்டதும் கமலேஸ்வரியின் மனதில் முதலில் வந்தது இதுதான். அதில் கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் பெருமையும் இருந்தன. பலர் வீட்டு உடுப்புகள் காயும் கொடியில் தன் வீட்டு உடுப்பு மட்டும் பளிச்சென்று தெரிந்தால் வருகிற பெருமை. பனி கரைந்து கனநாள் ஆகவில்லை. ஊற்றைச் சுற்றிய நிலம் கறுத்துக் குழைந்து, சப்பாத்தை விடமாட்டேன் என்று பிடித்தது. ஊற்றின் மேல் சாய்ந்து நின்ற ரோன் மரத்தில் மொட்டுகள் இன்னும் திறக்கவில்லை. போன கோடையில் மற்றவர்கள் கட்டிய பருத்தித் துணிகளும் கம்பளி நூல்களும் சாம்பல் நிறமாகி, உக்கி நைந்து தொங்கின. சில இடங்களில் முடிச்சு மட்டும் இருந்தது, துணி இல்லை. அவற்றின் நடுவே, அவளுடைய நெஞ்சளவு உயரக் கிளையில், கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் பூப்போட்ட நைலெக்ஸ் சேலைத் துண்டு ஒன்று ஒரு குளிர்காலம் முழுவதையும் பார்த்த களைப்பே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

இது அவளுடைய சிநேகிதி ஓர்லாவின் ஆட்கள் கூடுகிற இடம். நோர்வேத் தலைநகரின் ஓரத்தில், வெஸ்ட்லியில் ரயிலும் அடுக்குமாடிகளும் முடிந்த பிறகு காட்டுக்குள் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். ஏழெட்டுப் பேர்தான். அயர்லாந்தின் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். மே மாதத் தொடக்கத்தில் கோடையை வரவேற்க ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் வந்து ஊற்றைத் துப்புரவாக்குவார்கள். பஸ் ஓட்டுகிற ஆன்ட்ரியாஸ் தாடிக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, யாரோ எறிந்துவிட்டுப் போன பிளாஸ்டிக் கோப்பைகளைப் பையில் போட்டான். சேலைத் துண்டுக்கு முன்னால் வந்ததும் பாட்டு நின்றது. அதைத் தொடாமல், திரும்பி ஓர்லாவைப் பார்த்தான். வேண்டாம் என்று ஓர்லா தலையை மெல்ல ஆட்டினாள். அவன் அடுத்த மரத்துக்குப் போனான்.

அந்தத் தலையாட்டலைக் கமலேஸ்வரி கவனிக்காத மாதிரி இருந்தாள்.

அவளுக்கும் ஓர்லாவுக்கும் பழக்கம் பார்னஹாகே என்கிற சிறுபிள்ளைகள் பள்ளியில் தொடங்கியது. ஓர்லா பிள்ளைகளைப் பார்க்கிறவள், கமலேஸ்வரி குசினியில் அவர்களுக்குச் சமைக்கிறவள். இருவருக்கும் நோர்வேஜிய மொழி இரவல். ஒருத்தி ஐரிஷ் இழுவையோடும் மற்றவள் யாழ்ப்பாண இழுவையோடும் கதைப்பதை நாலு வயதுப் பிள்ளைகள் திருத்துவார்கள். ஒரு நோர்வேக்காரனைக் கட்டி வந்து, அவனை விட்ட பிறகும் நாட்டை விடாதவள் ஓர்லா. கும்பிடுகிற ஊற்றைப் பற்றி அவள் முதன்முதலில் சொன்னபோது, மற்றவர்கள் கேட்பது போல, நீ சூனியக்காரியா என்று கமலேஸ்வரி கேட்கவில்லை. கரட் சீவிக்கொண்டே, "என்ன படைக்கிறனீங்கள்?" என்று கேட்டாள்.

ஓர்லா சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். பால், வெண்ணெய், பாண் என்றாள். ஊற்றுக்குள் இருப்பவரின் பெயர் தனக்குத் தெரியாது என்றும், அயர்லாந்துப் பெயர் ஒன்றை எடுத்து அவருக்கு வைப்பது மரியாதை இல்லை, தான் இங்கே வந்தேறிதானே என்றும் சொன்னாள். அது கமலேஸ்வரிக்குப் பிடித்தது. பிடிக்காதது ஒன்றுதான். கூட்டத்தில் ஒரு பெண் மாட்டுப்பால் குடிக்காதவள் என்பதற்காக ஓட்ஸ் பாலை ஊற்றினார்கள்.

"ஓட்ஸ் கழுவின தண்ணியை எந்தத் தெய்வம் குடிக்கும்?" என்று கமலேஸ்வரி கேட்டாள்.

"கோபம் வந்தா ஊற்று வற்றியிருக்கும். வற்றேல்லையே."

"சகிச்சுக்கொண்டிருக்கிறார், பாவம்."

ஒக்டோபர் முடிவில் அவர்களுக்கு இறந்தவர்களின் நாள். போன வருடம் ஓர்லாவின் வீட்டில் கமலேஸ்வரியும் போய் இருந்தாள். ஒருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். வெறும் கதிரை ஒன்றுக்கு முன்னால் ஓர்லா தன் தாய்க்குத் தேத்தண்ணி வைத்தாள். கறுப்பாகக் கொதிக்க விட்டு, சீனியை அள்ளிக் கொட்டி, அதைத் தாயின் லினன் துணி ஒன்றின் மேல் வைத்தாள். வெள்ளையில் நீலக் கரை. எத்தனையோ வருடம் கோப்பை துடைத்துத் துடைத்துப் பூப்போல மெதுவாகிப்போன துணி. "நீரிழிவு வந்து செத்தவ," என்று பிறகு சொன்னாள், "இப்ப குடிக்கலாம்தானே." வீடு திரும்பும்போது கமலேஸ்வரி நினைத்துக்கொண்டாள், இவளுக்கு நான் புதிதாக எதையும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. செத்தவர்களுக்குப் பிடித்ததை ஆக்கி வைக்கிற வீடுகளில் பிறந்தவர்கள்தானே இரண்டு பேரும்.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் விட்டிருக்கிறாள் என்பது இன்றைக்குத்தான் தெரியப்போகிறது.

போன ஓகஸ்டில், கணவர் பத்மநாதனின் வலது கை மோசமாகத் தொடங்கியிருந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் எந்த நேரமும் திருநீறு எடுப்பது போல உரசிக்கொண்டிருந்தன. முப்பது வருடம் தபால் பிரித்த கை. இப்போது சட்டைப் பொத்தானுக்கும் அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது. பார்க்கின்சன் என்று நரம்பு டொக்டர் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தும், அவர்கள் வீட்டில் அதை 'கை' என்று மட்டுமே சொன்னார்கள். "இண்டைக்குக் கை எப்பிடி?" "கை இண்டைக்குக் கொஞ்சம் குழப்படி." ஓர்லாவிடம் அவள் அழாமல்தான் சொன்னாள். ஓர்லா குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, நீ போட்டுப் பழகிய துணி ஒன்றில் துண்டு எடு, ஊற்றுத் தண்ணியில் நனைத்து அவரின் கையைத் துடை, பிறகு கொண்டுவந்து மரத்தில் கட்டு என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்தவளைக் கமலேஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினாள். மரத்தில் கட்டுவதைப் பற்றி ஒருவர் அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? நேர்த்தி வைத்துக் கட்டுவது, நிறைவேறினால் போய் அவிழ்ப்பது. இதில் என்ன இருக்கிறது?

அன்று பின்னேரம் சோபாவில் கையை நீட்டிக்கொண்டு பத்மநாதன் இருந்தார். ஈரத்துணியால் அவள் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"அயர்லாந்துச் சாமிக்கு யாழ்ப்பாணத்துக் கை விளங்குமோ?"

"பேசாம இருங்கோ."

"முருகன் கேள்விப்பட்டாரெண்டால் கோவிப்பார்."

"அவருக்கு நான் முதலே சொல்லிப்போட்டன்."

"என்னவாம்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அவர் உங்களை மாதிரி வாய்க்காரர் இல்லை."

அவர் சிரித்தார். முகம் விறைக்கத் தொடங்கியிருந்ததால் இப்போதெல்லாம் சிரிப்பு உதட்டுக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அவள் அதுவரைக்கும் காத்திருந்து பார்ப்பாள். பிறகு அவர் துணியை உற்றுப் பார்த்தார்.

"இதையோ வெட்டினீர்? நீர் பிளேனாலை இறங்கேக்கை உடுத்தின சேலையெல்லோ இது."

"கிழிச்சுப் பாத்தன், கிழியேல்லை. அதாலைதான் கத்திரிக்கோல் எடுத்தனான்."

"அண்டைக்கு அந்தப் பனிக்குள்ளை சிரிச்சுக்கொண்டு வந்தீர்."

"ஆர் சிரிச்சது? பல்லு அடிச்சது."

"எனக்குச் சிரிச்ச மாதிரித்தான் இருந்தது," என்றார் அவர்.

அந்தக் கையிலிருந்துதான் துணி மரத்துக்கு வந்தது. குளிர்காலம் வந்தது. அவர் குளியலறையில் ஒரு தரமும், கடைக்கு முன்னால் ஒரு தரமும் விழுந்தார். பேர்கனில் நேர்ஸாக இருக்கிற மகள் அபிஷா தொலைபேசியில் பொறுமையாகச் சொன்னாள். "அம்மா, இது மாறுற வருத்தமில்லை. மருந்து தள்ளித்தான் போடும்." கமலேஸ்வரி ஓம் என்றாள். அவளுக்குத் தெரியாததா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மத்தியான நித்திரை கொள்ளும் நேரத்தில், பனியில் வழுக்காமல் சப்பாத்துக்கு ஆணிப்பட்டி மாட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்துபோனாள். துணி சில நாள் பலகை மாதிரி உறைந்து நின்றது. சில நாள் காற்றில் நடுங்கியது. நடுங்குவதைப் பார்த்தால் மட்டும் மனம் ஒருமாதிரி ஆகும். கையால் பொத்திப் பிடித்து, அடங்கிய பிறகு விடுவாள். கும்பிட்டதாக நினைவில்லை. இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது, வந்துவிட்டாள்.

ஓர்லா இப்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்கள் ஊற்றுவாயில் அடைந்திருந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"கமலா, ஒண்டு சொல்ல வேணும். கோபிக்காதை."

"ஓட்ஸ் பாலோ?"

"இல்லை." ஓர்லா சிரிக்கவில்லை. கிளையைத் தன் பக்கம் மெல்ல வளைத்துக் காட்டினாள். துணி கட்டியிருந்த இடத்தில் பட்டை அமுங்கி, மோதிரம் இறுகின விரல் மாதிரி ஒரு வளையம் விழுந்திருந்தது. "மரம் தடிக்குது. இது விட்டுக்கொடுக்காது. நைலோன்."

"ஐயோ," என்றாள் கமலேஸ்வரி. உண்மையாகவே அவளுக்கு நோகிற மாதிரி இருந்தது. விரலால் அந்த வளையத்தைத் தடவினாள்.

"அதை விடவும் ஒண்டு இருக்கு. அண்டைக்கு நான் சொல்ல வந்தனான், நீ விடேல்லை." ஓர்லா சொற்களைத் தேடித் தேடி எடுத்தாள். "வருத்தம் துணிக்கு வருது. துணி மழையிலை, பனியிலை உக்குது. அது உக்க உக்க வருத்தமும் போகுது. அதுதான் முறை. அதாலைதான் பருத்தி, லினன், கம்பளி. இது உக்காது, கமலா. நீயும் நானும் செத்தாப் பிறகும் இது இப்பிடியே நிக்கும்."

கமலேஸ்வரி துணியைப் பார்த்தாள்.

ஓர்லா தன் கோட்டுப் பைக்குள்ளிருந்து எதையோ எடுத்தாள். வெள்ளையில் நீலக் கரை. தாயின் தேத்தண்ணிக்குக் கீழே விரித்த துணியிலிருந்து கிழித்த ஒரு பட்டி, மடித்து, ஓரம் நூல் பிரிந்தபடி. "நல்ல லினன். ஊறவைச்சுத்தான் கொண்டுவந்தனான். ரெண்டு குளிர்காலத்துக்குள்ளை ஒண்டும் மிஞ்சாது. நீ அதை அவிழ், இதைக் கட்டுவம். வேணுமெண்டால் முதல் வீட்டை கொண்டுபோய் அவரின்ரை கையைத் துடைச்சுப்போட்டு வா, நான் நிக்கிறன்."

தன் தாயின் துணியைக் கிழித்திருக்கிறாள். இதைச் செய்ய அவள் எத்தனை நேரம் மேசையடியில் நின்றிருப்பாள் என்று கமலேஸ்வரி நினைத்தாள். அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. வாங்கிக்கொள், வாங்கிக்கொள் என்று மனதில் ஒரு குரல் சொன்னது. அது நல்ல குரல், கடமை தெரிந்த குரல். கோயிலிலும் ஆஸ்பத்திரியிலும் மகளோடு தொலைபேசியிலும் அவள் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருக்கிற அதே குரல்.

ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று அசையாமல் கிடந்தது. ஓர்லா சொன்ன முறையை அவள் மனம் ஒரு தரம் நடத்திப் பார்த்தது. லினன் நனைகிறது, உறைகிறது, நைகிறது. நீலக் கரை வெளிறுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள், முடிச்சு மட்டும் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அதுவும் இல்லை. அப்போது வீட்டில் சோபாவில் யார் இருப்பார்? அந்த வருத்தம் அவரை விட்டுத் தனியாக எங்கே போகும்? சீனியும் தேத்தண்ணியும் மாதிரி அவை கலந்துவிட்டன. கை குழப்படி செய்கிறது என்றால் கை இருக்கிறது. அவர் விழுகிறார் என்றால் எழுப்ப ஒருவர் இருக்கிறார். சிரிப்பு பிந்தி வருகிறது, வரட்டும், அவளுக்கென்ன அவசரம். உக்கிப் போகிற எதையும் அவருடைய கையில் வைத்துத் துடைக்க அவளால் முடியாது. அன்று கத்திரிக்கோலை எடுக்கும்போது அவள் இதையெல்லாம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதே சேலையைத்தான் எடுத்திருப்பாள் என்று இப்போது தெரிந்தது.

இதை இரவல் மொழியில் எப்படிச் சொல்வது? தன் மொழியிலும் யாருக்கும் சொன்னதில்லை.

அவள் கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவினாள். அதன் முனையை முடிச்சுக்குள் விட்டு மெல்ல மெல்ல நெம்பினாள். நைலோன் வழுக்கிக்கொண்டு இளகியது. "பொறுத்துக்கொள்ளணை," என்று மரத்துக்குத் தமிழில் சொன்னாள். ஓர்லா மூச்சு விட்டாள். அவிழ்க்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும், லினன் பட்டியை விரித்து ஆயத்தமாகப் பிடித்தாள். ஆனால் கமலேஸ்வரி முடிச்சை முழுக்கப் பிரிக்கவில்லை. துணியை இழுத்துத் தளர்த்தி, அமுங்கின இடத்தை விட்டுச் சற்றே நகர்த்தினாள். பிறகு கிளைக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள்.

"வருசம் வருசம் வந்து இளக்கிவிடுவன்," என்றாள்.

"ஒவ்வொரு வருசமுமா?"

"ஓம்."

ஓர்லாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. ஊற்றுத் தண்ணி பட்டியிலிருந்து அவளுடைய மணிக்கட்டுக்கு ஓடியது. "எண்டாலும் இதைப் பக்கத்திலையாவது கட்டேன். எனக்காக."

கமலேஸ்வரி அந்தக் கையைப் பிடித்தாள். லினனைத் தொட்டுப் பார்த்தாள், அவ்வளவு மெது. பிறகு ஓர்லாவின் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடித்து மூடி, கையை அவளுடைய கோட்டுப் பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டாள். இல்லை என்று தலையசைத்தாள்.

காற்று வந்தது. கத்தரிப்பூத் துண்டு நடுங்கத் தொடங்கியது. அவள் திரும்பி நின்று, துணிக்கும் கிளைக்கும் இடையில் மூன்றாவது விரலையும் நுழைத்தாள். இன்னும் கொஞ்சம் இளக்கினாள், மரம் தடிக்கட்டும் என்று.