குத்துவிளக்கில் உறைந்த எண்ணெய்

சிட்னியில், லிட்கம் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கொட்டகைக்குள் விடியுமுன்னமே எங்கள் முதுகு நனைந்துவிடும். வெளியே யூலை மாதக் குளிர். உள்ளே பொயிலர் கத்திக்கொண்டிருக்கும். ஆவிக் குழாய்களுக்கு நடுவே சட்டை தோலோடு ஒட்டிக்கொள்ளும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொன்ரெய்னருக்குள், பெரிய ரப்பர் பையில் கப்பலேறி வருகிற செம்பனை எண்ணெய், சிட்னிக் குளிருக்கு நெய் மாதிரி இறுகிக் கிடக்கும். பைக்கு அடியில் ஆவியை விட்டு, இளக்கி, பம்பால் உறிஞ்சித் தாங்கிக்கு ஏற்ற வேண்டும். பிறகு அது டீசலாகும். பூமியைக் காப்பாற்றும் டீசல் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. எழுதினவன் ஒருநாளும் அந்தக் குழாயைத் தொட்டிருக்க மாட்டான்.

எண்ணெய் இளகிவிட்டதா என்று பார்க்க எங்களுக்கு மீற்றர் தரவில்லை. மரச் சுத்தியலால் கொன்ரெய்னரின் பக்கத்தில் தட்டுவோம். தொப்பென்று சத்தம் செத்துப்போனால் இன்னும் கட்டி. சத்தம் நீண்டு உள்ளே தளும்பினால் பம்பைப் போடலாம். அன்று தட்டினவன் விஜிதரன். படகில் வந்து ஒரு வருசம் ஆகவில்லை. பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக விசாவில், வேலை செய்ய அனுமதி இல்லாத பொடியன்.

"இன்னும் கல்லு மாதிரிக் கிடக்கு, யோகண்ணை," என்று என்னிடம் சொன்னான்.

சுப்பர்வைசர் இந்திரகுமார் வந்தான். முதலாளியின் மனைவியின் தம்பி. வேலை தெரியாது, அதட்டத் தெரியும்.

"ஆவியைக் கூட்டுங்கோ. காசு போடுற ஆக்கள் பஸ்ஸில வருகினம். அவை வரேக்க எண்ணெய் ஓட வேணும்."

"குழாய் மூட்டு கம்பியால கட்டிக் கிடக்கு. போன மாசமே சொன்னனான்," என்றேன்.

"கட்டிக் கிடக்குதெல்லோ. பிறகென்ன?"

பொயிலரடியில் நின்ற மன்னார் நஸ்மி என்னைப் பார்த்தான். பிறகு ஆவிச் சக்கரத்தைத் திருப்பினான். அமுக்கம் காட்டுகிற முள் சிவப்புக்குள் ஏறியது.

மூட்டு வெடித்தது.

இந்தச் சத்தத்துக்கு நாங்கள் என்ன செய்தோம் என்பதைக் கேளுங்கள். வன்னியில் இருந்து வந்த அத்தனை பேரும் குப்புற விழுந்து, தலைக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டோம். யாரும் சொல்லவில்லை. உடம்பு தானாகப் படுத்தது. ஷெல் வந்தால் படுத்தவன்தான் பிழைப்பான் என்று கற்ற உடம்பு அது. ஆனால் இங்கே சாவு மேலால் வரவில்லை, நிலத்தால் வந்தது. கொதிநீரும் உருகின எண்ணெயும் சீமெந்துத் தரையில் பாய்ந்தன. மூட்டுக்குக் கிட்டப் படுத்திருந்தவன் விஜிதரன்.

அவன் கத்தின கத்தலை நான் எழுத மாட்டேன். அதை எழுதினால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஓடியவள் ஹவா ஒருத்திதான். எங்களோடு வேலை செய்தவள், அந்த எண்ணெய் வருகிற நாட்டுக்காரி. அவளுடைய யுத்தம் அவளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்திருந்தது. ஆவிக்குள் பாய்ந்து, பொடியனைக் கொலரில் பிடித்து இழுத்து, தண்ணீர்க் குழாயைத் திறந்து அவன் மேல் பிடித்தாள். வலது கையில் தோல் சட்டைத் துணியோடு சுருண்டு போயிருந்தது. கழுத்திலும் கன்னத்திலும் கொப்புளம். அவளுடைய முழங்கையும் வெந்திருந்தது. நஸ்மி அந்த ஒரு குழாய்க்கு மட்டும் ஆவியை மறித்தான்.

"அம்புலன்ஸ்," என்றாள்.

எங்கள் போன்கள் லொக்கருக்குள். தீ ஆபத்து என்று காலையில் வாங்கிப் பூட்டுவார்கள். திறப்பு இந்திரகுமாரின் இடுப்பில்.

"கொஞ்சம் பொறுங்கோ, அத்தான் வாறார்," என்றான் அவன். முகம் வெளிறிப் போயிருந்தது, ஆனால் திறப்பைக் கையால் பொத்திப் பிடித்திருந்தான்.

அத்தான் வந்தார். எங்கள் முதலாளி சச்சிதானந்தன். கோவில் திருவிழாவில் முதல் வரிசை. எங்களில் பாதிப் பேரைக் அகதித் தடுப்புக் காம்ப்பிலிருந்து வெளியே வந்த கிழமையே வேலைக்கு எடுத்தவர். நாங்கள் அவரைச் சச்சி அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். எங்கட ஆள் என்று நம்பி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, ஒரு கேள்வி கேட்காமல் இருந்தோமே, அந்த அண்ணை. பட்டுச் சால்வை போட்டிருந்தார். காரின் பின்பக்கத்தில் பித்தளைக் குத்துவிளக்கு. ஆப்பிரிக்கத் தோட்டத்துச் செம்பனை எண்ணெயை ஊற்றி, ஹவாவை அவளுடைய நாட்டு உடுப்பில் நிறுத்தி, அவள் கையால் விளக்கேற்ற வைப்பதுதான் அன்றைய விழா. நிலைபேறான முதலீட்டுக்கு ஒரு கறுப்புக் கை தேவைப்பட்டது.

அவர் விஜிதரனைப் பார்த்துக் கண்ணை மூடினார். திறந்தபோது அது முதலாளியின் கண்.

"பஸ் வந்திட்டுப் போகட்டும். பிறகு நானே என்ர காரில கொண்டு போறன். வீட்டில பொரிக்கேக்க தாச்சி கவிண்டது எண்டு சொல்லுங்கோ."

"அண்ணை, அதுக்கிடையில கை போயிடும்," என்றேன்.

"அவனுக்கு வேலை செய்ய உரிமை இல்லை, யோகராசா. இஞ்ச நடந்தது எண்டு தெரிஞ்சா ஆர் திரும்பக் காம்ப்புக்குப் போறது? நானோ? அவன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்."

விஜிதரன் பல் கிட்டிப்போய்க் கிடந்தான். "அண்ணை சொல்லுறதைச் செய்யுங்கோ," என்று முனகினான். வெந்து கிடக்கிறவன் வெந்ததுக்கே பயப்படவில்லை, விசாவுக்குப் பயப்படுகிறான்.

ஹவா எங்கள் பேச்சு விளங்காமலே எல்லாவற்றையும் விளங்கியிருந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "இந்த எண்ணெய்க்கு எங்கட மரவள்ளித் தோட்டத்தை உழுது போட்டாங்கள். மறிச்ச என்ர தமையனுக்குத் துவக்குப் பிடியால அடிச்சுப் பல்லு கொட்டினாங்கள். அங்கயும் ஒரு ஐயா வந்து, இது உங்கட நன்மைக்கு எண்டுதான் சொன்னவர். திறப்பைத் தா."

இந்திரகுமார் தரவில்லை. அவள் மரச் சுத்தியலை எடுத்து லொக்கர் பூட்டை அடித்தாள். அவன் தரையில் கிடந்த இரும்புக் கம்பியைத் தூக்கி அவள் தோளில் போட்டான். எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நான் பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தேன். இரண்டாவது அடி என் நெற்றியில் விழுந்தது. இரத்தம் கண்ணுக்குள் ஓடியது. பிடியை நான் விடவில்லை. இன்னும் நாலு கை வந்து அவனைச் சுவரோடு சாய்த்தன. ஒருத்தன் கம்பியைப் பறித்து அவன் தலைக்கு மேல் ஓங்கினான்.

"வேண்டாம்," என்றேன். "இவன்ர தலையை உடைச்சா நாங்கள்தான் உள்ள போவம். அடி, ஹவா. பூட்டை அடி."

ஒற்றைக் கையால் அடித்தாள். பூட்டு தெறித்தது.

நான் போனில் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நஸ்மி பொயிலரை நிறுத்தினான். முதலாளி முதன்முறையாக ஓடினார்.

"என்னடா செய்யிறாய்? குழாய் முழுக்க இறுகிப் போகும். கிளீன் பண்ண ஒரு கிழமை வேணும்."

"இறுகட்டும்," என்றான் நஸ்மி. "இனி மூட்டு மாத்தாம நான் ஆவி விட மாட்டன். வேற ஆரும் விடவும் ஏலா. கேட்டுப் பாருங்க."

அவர் எங்களைப் பார்த்தார். ஒருத்தரும் அசையவில்லை.

பஸ் வந்தது. கோட்டு, கூலிங்கிளாஸ், பட்டுப் புடவை. காசு போட வந்த எங்கட தமிழ் டொக்டர்மாரும் கணக்காளர்மாரும்தான். சச்சி அண்ணை வாசலிலேயே அவர்களை மறித்து, அங்கேயே குத்துவிளக்கை வைத்து, சிரித்துக்கொண்டு நெருப்புக்குச்சியைக் கிழித்தார். விளக்கில் ஊற்றின எண்ணெய் குளிருக்கு மஞ்சளாக இறுகி, திரியையும் பிடித்துக்கொண்டிருந்தது. குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது. பட்டுப் புடவைக்காரி ஒருத்தி மூக்கைப் பொத்தி, "என்ன கருகின மணம்?" என்று கேட்டாள். அப்போதுதான் அவருக்குப் பின்னால் எங்களைக் கண்டாள். இரத்தமும் எண்ணெயுமாக நின்றோம். நடுவில், நாங்கள் பலகையில் கிடத்திக் கொண்டுவந்த விஜிதரன்.

உள்ளே பொயிலரின் மிச்ச ஆவி ஒரே வெடியாக வெளியேறியது. வந்தவர்கள் அலறிக் குனிந்தார்கள். எங்கள் உடம்பும் படுக்கத்தான் பார்த்தது. ஒரு பக்கம் ஹவாவின் நல்ல கை, மறுபக்கம் நஸ்மியின் கை என்னைப் பிடித்திருந்தன. ஒருத்தரும் விழவில்லை.

அம்புலன்ஸ் வந்தது. அம்புலன்ஸ்காரி பொடியனின் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு, எங்கே நடந்தது என்று கேட்டாள்.

"வீட்டில. சமைக்கேக்க," என்றார் முதலாளி, நல்ல ஆங்கிலத்தில்.

அவள் விஜிதரனிடம் குனிந்தாள். உண்மையைச் சொன்னால் அவன் திரும்பக் கம்பி வேலிக்குள் போகலாம். அது அவன் வாய், அவன் உயிர். எங்களால் அவனுக்காகச் சொல்ல முடியாது. அவன் என்னைப் பார்த்தான், நாங்கள் கோத்துப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தான்.

"இஞ்ச," என்றான். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். "இந்த வேலையில."

"இஞ்சதான்," என்றேன் நான். நஸ்மி சொன்னான். ஹவா சொன்னாள். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். கடைசியில் சொன்னவனுக்கும் வேலை செய்ய அனுமதி கிடையாது.

வண்டிக் கதவு மூடியது. கை மிஞ்சுமா என்று அம்புலன்ஸ்காரிக்கும் சொல்லத் தெரியவில்லை. ஹவாவும் தோளைப் பிடித்தபடி கூடப் போனாள்.

சச்சி அண்ணை என் காதுக்குக் கிட்ட வந்தார். "நாளைக்கு ஒருத்தரும் உள்ள வரேலாது."

"வரமாட்டம் அண்ணை," என்றேன். நெற்றி இரத்தத்தைத் துடைத்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தேன். மற்றவர்களும் வந்து பக்கத்தில் இருந்தார்கள். "ஆனா இந்த வாசலில இருப்பம்."