டெல்மா இருஸ்தாவின் பெயர்

மால்வினாஸ் தீவுகளுக்காக ஆங்கிலேயரோடு நடந்த போருக்குப் போனவர்களுக்காக எங்கள் அர்ஜென்டினா ஊர்ச் சதுக்கத்தில் வைத்த வெண்கலப் பலகையில் ஒன்பது பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று என்னுடையது: நாசரேனோ லெதெஸ்மா. திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது டெல்மா இருஸ்தா என் வீட்டுக் கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு வந்தாள்.

"நகராட்சியிலேருந்து போன் பண்றாங்கடா. விழாவுக்குக் கறி வெச்ச எம்பனாடா நூறு சுட்டுத் தர முடியுமான்னு கேக்கறாங்க. பலகையில என் பேரு எங்கன்னு கேட்டா சிரிக்கிறான் அந்தப் பய!"

எண்பத்திரண்டில், தெற்கே கடலோர விமானத் தளத்தில் நான் ராணுவ லாரி ஓட்டினேன். தீவுகளிலிருந்து விமானம் வந்து இறங்கியதும் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு கூடார ஆஸ்பத்திரிக்கு விரட்டுவேன். அங்கே வாசலில் நிற்பவள் டெல்மா. இருபத்தோரு வயது விமானப்படை நர்ஸ். பனியில் ஊறி அழுகிய கால்களிலிருந்து பூட்ஸைக் கத்தரியால் வெட்டி எடுப்பாள். பதினெட்டு வயதுப் பையன்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று கத்துவார்கள். பார்த்ததை வெளியே பேசக் கூடாதென்று எங்களிடம் கையெழுத்து வாங்கித்தான் ஊருக்கு அனுப்பினார்கள். அவள் பேசவே இல்லை. அவளிடம் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்த ஊர், அவள் போருக்குப் போனவள் என்பதே தெரியாமல் இருந்தது.

எனக்குத் தெரியும். பலகைக்காக நகராட்சியிலிருந்து பெயர் கேட்டு வந்தவர்களிடம் என் பெயரை மட்டும்தான் கொடுத்தேன்.

"நீ தீவுல கால் வெச்சியாடா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப உனக்கு இருக்கறதுல எனக்கு என்ன இல்ல? மீசையா?"

இரண்டு பேரும் மேயர் பெர்தோல்தியிடம் போனோம். அவர் மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "அம்மா, நீங்க தீவுக்குப் போகலையே. சட்டம்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

"நானும் போகல, மேயரே," என்றேன்.

"நீ சிப்பாய்ப்பா, அது வேற." பிறகு அவள் பக்கம் திரும்பிக் குழைந்தார். "பலகைக்குப் பக்கத்துல ஒரு ரோஜாச் செடி வெச்சுடலாம். 'எங்கள் தேவதைகளுக்கு'ன்னு சின்னதா ஒரு தகடு."

டெல்மா மேசையில் ஓங்கி அறைந்தாள். "எந்தத் தேவதைய்யா அழுகுன சதைய வெட்டி எடுத்துச்சு? எனக்குப் பேரு இருக்கு. ராணுவ நம்பர் இருக்கு. ரோஜாச் செடிய உங்க வீட்டுக் கொல்லையில நட்டுக்கங்க!"

அவமானம் என்னைத் தின்றது. மறுநாள் பட்டப்பகலில், என் பட்டறையிலிருந்து இரும்பு தேய்க்கும் மெஷினைக் கொண்டுபோய், ஐஸ்கிரீம் கடைக்காரனிடம் மின்சாரம் இழுத்து, பலகையிலிருந்த என் பெயரைத் தேய்த்துத் தள்ளினேன். பொறி பறந்தது. கூட்டம் கூடியது. போலீஸ் என்னைக் கூட்டிப்போய் மூன்று மணி நேரம் உட்கார வைத்தது.

வெளியே வந்தபோது வாசலில் டெல்மா. கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"கழுதை! என் பேரைப் போடச் சொன்னேனா, உன் பேரை அழிக்கச் சொன்னேனா? இப்ப ரெண்டு பேருமே அதுல இல்ல. அந்த மேயருக்கு வேலைய மிச்சம் பண்ணிக் குடுத்திருக்க!"

விழாவன்று அவள் பழைய சீருடையில் வந்தாள். இடுப்புப் பொத்தான் மாட்டவில்லை, ஊக்கு குத்தியிருந்தாள். பலகைக்கு நேர் எதிரே, மேயரின் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். நகரச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. எம்பனாடாவும் இல்லை.

அதற்குப் பிறகு நகராட்சிக் கூட்டம் ஒன்றைக்கூட நாங்கள் விடவில்லை. தேய்த்த இடத்தில் அவள் பெயரைப் போடுகிறோம் என்றார்கள். "அடுத்தவன் இடம் எனக்கு எதுக்கு? புதுசா ஒரு பலகை வார்த்துப் போடுங்க," என்றாள். மூன்று வருடம் இழுத்தடித்தார்கள். பெர்தோல்தி தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போனார். போன ஏப்ரலில்தான் புதுப் பலகை வந்தது. என்னுடையதும் சேர்த்துப் பத்துப் பெயர்கள், அவளுடையது கடைசியில்.

துணியை விலக்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். டெல்மா கண்ணாடி போட்டு மேலிருந்து கீழே படித்தாள்.

"மத்ததெல்லாம் எழுத்து வரிசை," என்றாள், புது மேயருக்குக் கேட்கும்படி. "நான் மட்டும் ஏன் அடியில?"

அடுத்த கூட்டம் வியாழக்கிழமை. நானும் போகிறேன்.