வாலில் கட்டிய கயிறு

வடக்கு அலாஸ்காவில், மனித வாடையே இல்லாத, உறைந்துபோன ஓர் ஏரியின்மேல் நொறுங்கிக் கிடந்த பழங்கால விமானத்தைக் இருந்தது இருந்தபடியே விலைபேசி வாங்கினேன். பார்க்காமல் வாங்கியதால் மலிவு. பறக்கவைத்து ஊர் கொண்டுவந்தால் பாதி விமானம் உனக்கு என்று விமானி ஹில்மாவிடம் பேச்சு. ஒடிந்த இறக்கைக் கட்டைக்கு அவள் மரச்சிம்பு வைத்துக் கட்டினாள். வளைந்த மூக்கு விசிறியை அடிமரத்தின்மேல் வைத்துச் சுத்தியலால் நிமிர்த்தினாள். இறக்கையின் கிழிந்த துணியை நான் மீன்பிடி நரம்பால் தைத்தேன். சக்கரங்களுக்குப் பதிலாக இருந்த நீண்ட சறுக்குக்கட்டைகள் மட்டும் சேதமில்லாமல் இருந்தன.

வேலை முடிந்த காலையில் ஏரி முனகியது. உறைந்த தளத்தின்மேல் தண்ணீர் கசிந்து பூட்ஸைச் சுற்றிப் பரவியது. பனி உருகத் தொடங்கிவிட்டது.

“கெளம்பணும் முதலாளி,” என்றாள் ஹில்மா. “சறுக்குக்கட்ட ரெண்டும் பனியில ஒட்டிப்போச்சு. நான் எஞ்சினை முடுக்குறேன், நீ வாலைக் கயித்தால இழுத்து ஆட்டு. விட்டுச்சுன்னா நிறுத்த மாட்டேன். நின்னா மறுபடி ஒட்டிக்கும்.”

“அப்ப நான்?”

“வட்டமடிச்சு வருவேன். கதவு தெறந்திருக்கும். ஓடியாந்து ஏறிக்க.”

“வராம போயிட்டா?”

“முழு விமானமும் எனக்கு. உன் தொல்லையும் விட்டுச்சு.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன், விடை பிடிக்கவில்லை. அவள் உள்ளே ஏறியதும், வாலில் கட்டிய கயிற்றின் மறுமுனையை என் இடுப்பில் முடிந்துகொண்டேன்.

எஞ்சின் இரைந்தது. இடமும் வலமுமாக இழுத்தேன். படக்கென்று விடுபட்டு விமானம் ஓடியது. நானும் ஓடினேன். கால் வழுக்கியது. பிறகு முகம் ஈரப்பனியில் உரச, மூட்டைபோல இழுபட்டேன். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. முன்னால் ஒரு கரும்பிளவு ஏரியின் குறுக்கே வாய் பிளந்து கிடந்தது. நீண்ட சறுக்குக்கட்டைகள் தாண்டிவிடும். நான்?

இடுப்புக் கத்தி கைக்கு வந்தது. அறுத்தால் அவள் போய்விடுவாள். அறுக்காவிட்டால் தண்ணீர். அப்போதும் பேரம் பேச ஆள் தேடினேன்; ஏரி இறங்கி வருவதாயில்லை.

அறுத்தேன்.

பிளவின் விளிம்பில் சறுக்கி நின்றேன். விமானம் சிறுத்துக்கொண்டே போனது. திரும்பவில்லை. கன்னத்து ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. ஏரிக்கோடியில் அதன் மூக்கு மெல்ல, மிக மெல்லத் திரும்பியது.

பிளவு முடியும் இடத்தைச் சுற்றிக்கொண்டு திறந்த கதவு என்னை நோக்கி வந்தது. ஓடினேன். இறக்கையின் தாங்குகம்பியைப் பிடித்து, பாதி உடம்பு வெளியே தொங்க, உள்ளே விழுந்தேன். விமானம் பனியை விட்டு எழும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

“அவ்வளவு தூரம் ஏன் போன?” பல் தந்தியடிக்கக் கேட்டேன்.

“வாலு கனமா இருந்துச்சு. திருப்பவே முடியல. அப்புறம் என்னவோ, சட்டுனு லேசாச்சு. அதுக்குள்ள பிளவைத் தாண்டியாச்சு, அது முடியிற எடம் வரைக்கும் போகவேண்டியதாச்சு.”

சொல்லிக்கொண்டே திரும்பியவள் என் இடுப்பில் தொங்கிய கயிற்றுத் துண்டைப் பார்த்தாள். கீழே ஏரி மறைந்து மரங்கள் வந்தபோது சொன்னாள்:

“முடிச்சு நல்லாத்தான் போட்டிருக்க, முதலாளி.”