நாற்பத்தேழு நகல்கள்

திங்கட்கிழமைக்குள் என் டெம்ப்ளேட்டைத் தூக்கி எறிய வேண்டும், இல்லாவிட்டால் நான் மறுபடி டேட்டா என்ட்ரி அறைக்குப் போக வேண்டும். எங்கள் மேனேஜர் அழகப்பன் இதை எல்லார் முன்னாலும் சொன்னார். 1986 ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை.

அந்த அறையில் ஆறு வருடம் இருந்தவள் நான். மற்றவர்கள் எழுதித் தரும் தாளைப் பார்த்து, ஏன் எதற்கு என்று கேட்காமல் தட்ட வேண்டும். வீடு இருந்த மார்சிலிங்கிலிருந்து ஆபீஸ் இருந்த தஞ்சோங் பகாருக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்த பஸ்ஸிலேயே படித்து, மாலை வகுப்பில் தேறி, புரோகிராமர் நாற்காலிக்கு வந்தேன். திரும்பிப் போவதாவது!

விஷயம் இதுதான். துறைமுகத்தில் எந்தக் கண்டெய்னர் எங்கே இருக்கிறது என்று காட்டும் புரோகிராமை நாங்கள் பன்னிரண்டு பேர் ஏடா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக்கொண்டிருந்தோம். கண்டெய்னர் பட்டியல், கப்பல் பட்டியல், லாரிப் பட்டியல். சேர்ப்பது, தேடுவது, நீக்குவது எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே? அதனால் எந்தப் பட்டியலுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே டெம்ப்ளேட்டை இரண்டாயிரம் வரியில் எழுதினேன். வேண்டியவர் தன் ஃபைலில் ஒரு வரி போட்டால் போதும், அவருக்கு ஒரு பட்டியல் தயார். எல்லாரும் ஆசையாக எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு கம்பைல் செய்ய, அதாவது நாங்கள் எழுதியதை மெஷின் தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ள, ஐந்து மணி நேரம் பிடித்தது. எங்கேயோ ஒரு எழுத்தைத் திருத்தினால் அன்றைய பொழுது போச்சு.

"இதெல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க எழுதறது லா," என்றார் அழகப்பன். "உன் டெம்ப்ளேட்டாலதான் மெஷின் இழுக்குது. அவங்கவங்க கையாலயே எழுதிக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மாலையே எல்லார் பிரிண்ட்அவுட்டையும் வாங்கி, அந்த ஒரு வரி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணினேன். நாற்பத்தேழு. அதில் உண்மையில் வெவ்வேறானவை மூன்றே மூன்று. மற்றதெல்லாம் அதே கண்டெய்னர், அதே கப்பல், அதே லாரி.

முறுக்கு அச்சு ஒன்றுதான் என்றாலும் முறுக்கை ஒவ்வொன்றாகத்தானே பிழிய வேண்டும்? எங்கள் கம்பைலரும் அப்படித்தான். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் டெம்ப்ளேட்டின் இரண்டாயிரம் வரியையும் புதிதாக நகல் எடுத்து, சரிபார்த்து, மொழிமாற்றும். போன ஃபைலில் இதையேதான் செய்தோம் என்ற ஞாபகம் அதற்குக் கிடையாது. நான் எழுதியது இரண்டாயிரம்; அது மென்று தீர்த்தது தொண்ணூற்று நாலாயிரம்.

மூன்று போதுமென்ற இடத்தில் நாற்பத்தேழு எப்படி வந்தது? அழகப்பன் எங்களுக்குப் போட்டிருந்த நான்காம் விதியால். ஒருவர் ஃபைலை இன்னொருவர் தொடக் கூடாது, ஒருவர் இன்னொருவர் ஃபைலை நம்பி இருக்கவும் கூடாது, தனக்கு வேண்டியதைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். கியாசு புத்தி! அடுத்தவன் தாமதித்தால் நாம் தோற்றுவிடுவோமோ என்ற பயம். பன்னிரண்டு பேரும் அவரவருக்கென்று கண்டெய்னர் பட்டியலைப் பிழிந்து வைத்திருந்தார்கள். பழி மட்டும் எனக்கு.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு டைரக்டர் வருவதாக இருந்தது. அவர் ஒரு மாற்றம் சொல்வார், ஆறு மணிக்குள் அது ஓடிக் காட்ட வேண்டும்.

"முடியாதுன்னு சொல்லிடறேன். காரணம் நீதான்னும் சொல்லிடறேன்," என்றார் அழகப்பன். வெள்ளிக்கிழமை மதியம் இதைச் சொல்லிவிட்டு, அன்று சைவமாயிற்றே, பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக்கு வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போனார். மீதி இருந்த யாக்கூப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்.

"உர்சுலா, என் ஃபைல்ல கை வைங்க, பரவால்ல," என்று வாசலில் நின்று சொன்னார் யாக்கூப். "மத்தவங்களது உங்க இஷ்டம்."

நான் எல்லாவற்றிலும் கை வைத்தேன். மூன்று பட்டியலையும் ஒரே பொது ஃபைலில் உண்டாக்கினேன். மற்ற ஃபைல்களில் இருந்த நாற்பத்தேழு வரியையும் எடுத்துவிட்டு, 'பொது ஃபைலில் இருப்பதைப் பயன்படுத்து' என்று மாற்றினேன். டெம்ப்ளேட்டில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. கம்பைல் போட்டேன். நாற்பத்திரண்டு நிமிடம்! தனியாக இருந்த தைரியத்தில் சத்தமாகச் சிரித்தேன்.

இரண்டே முக்காலுக்கு அழகப்பன் வந்தார். மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"யாரைக் கேட்டு அடுத்தவங்க ஃபைலைத் தொட்டே?"

"யாரையும் கேக்கல சார். நாற்பத்திரண்டு நிமிஷத்துல முடிஞ்சுது, பாருங்க."

நான் நீட்டிய பிரிண்ட்அவுட்டைப் பார்த்தார். "சரி, இப்படியே இருக்கட்டும். மெஷின்ல கோளாறு, சரி பண்ணிட்டோம்னு டைரக்டர்கிட்ட சொல்லிக்கறேன். விதியை மீறினதுக்கு நீ திங்கட்கிழமை டேட்டா என்ட்ரிக்குப் போயிடு."

என் வேலையும் வேண்டும், நானும் வேண்டாம். என்ன நியாயம் இது?

"போறேன் சார். ஆனா விதி விதிதானே? எல்லா ஃபைலையும் பழையபடி வச்சிட்டுப் போறேன்."

உட்கார்ந்தேன். முதல் ஃபைலைத் திறந்து, எடுத்த வரியைத் திரும்பப் போட்டேன். அவர் பின்னாலேயே நின்றார். இரண்டாவது ஃபைலைத் திறந்தேன். மூன்றாவதைத் திறந்தபோது மணி மூன்று.

"நிறுத்து உர்சுலா."

"நாலாம் விதி இருக்கே சார்."

தன் மேசைக்குப் போய் விதித்தாளை எடுத்து வந்தார். பேனாவால் நான்காவதை ஒரே கோடாக அடித்தார். "நீ உன் இடத்துலயே இரு. போதுமா?"

"பக்கத்துல கையெழுத்துப் போடுங்க சார்," என்றேன். "தேதியும்."

போட்டார்.