தொழில்: போஸ்ட்மாஸ்டர்

ஹைரம் வில்காக்ஸின் பதவி போய் மூன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஹார்ட்வெல் மதகு ஊரில் யாராவது "போஸ்ட்மாஸ்டரே!" என்று குரல் கொடுத்தால் முதலில் திரும்புவது அவர் தலைதான். கூப்பிட்டவர்கள் இப்போதைய போஸ்ட்மாஸ்டர் லவினா ஷெர்வுட்டைக் கூப்பிட்டிருப்பார்கள். திரும்பிய தலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகாசத்தைப் பார்த்து மழை வருமா என்று ஆராய்வதுபோல் பாவனை செய்வார். ஊரே சிரிப்பை அடக்கிக்கொள்ளும்.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எட்டு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர். அந்த நாட்டு வழக்கம் அப்படி: ஜனாதிபதி மாறினால் தலைநகரத்து மந்திரியிலிருந்து கால்வாய் ஓரத்துப் போஸ்ட்மாஸ்டர் வரைக்கும் அத்தனை நாற்காலியும் கட்சி மாறும். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றாம் வருஷம் புது ஜனாதிபதி வந்தார். மே மாதம் ஹைரமுக்கு இரண்டே வரியில் ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தையும் அவரே பையிலிருந்து எடுத்து, அவரே பிரித்து, அவரே படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதுதான் அவருக்கு ஆறவேயில்லை.

பதவி ஏசா ஷெர்வுட்டுக்குப் போனது. ஏசா மறு வருஷமே உள்நாட்டுப் போருக்குப் போய் வர்ஜீனியாவில் செத்துப்போனான். அதே ஜனாதிபதி கையெழுத்துப் போட்டு, அந்தப் பதவியை ஏசாவின் மனைவி லவினாவுக்குக் கொடுத்துவிட்டார். ஹைரம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தீவனக் கடை வைத்தார். ஓட்ஸ், வைக்கோல், மாட்டு உப்பு. கடை நன்றாகத்தான் ஓடியது. ஆனால் வைக்கோல் யாருக்கும் சேதி கொண்டு வருவதில்லையே.

அவருக்குச் சேதி வர வேண்டிய இடம் ஒன்று இருந்தது. ஒரே மகன் லைமன். பதவி பறிபோவதற்கு ஒரு மாதம் முன்னால், போர் மூண்ட வாரமே, பஃபலோ ஊருக்கு ஓடிப்போய் அங்கே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். கிளம்பும்போது ஹைரம் வாசலில் நின்று கத்தினார்: "அந்த நெட்டை வக்கீல் ஜனாதிபதிக்காகச் சாகப் போறியா? போ! போனவன் எனக்கு லெட்டர் கிட்டர் போட்டுக்கிட்டு இருக்காதே!" வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பன் பேச்சைக் கேட்டான், பாவி. ஒரு வரி எழுதவில்லை. இவரும் எழுதவில்லை. பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே மரத்துக் கட்டை.

ஆனால் வாராவாரம், செத்தவர் காயம்பட்டவர் பட்டியலோடு பத்திரிகை வரும் நாளில், ஹைரம் தபால் ஆபீசுக்கு வருவார். நின்றபடியே 'வ' எழுத்து வரைக்கும் விரலை ஓட்டுவார். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார். லவினா ஒன்றும் கேட்கமாட்டாள். அவளும் ஒரு காலத்தில் அதே பட்டியலில் விரலை ஓட்டியவள்தான்.

அறுபத்துநாலாம் வருஷம் நவம்பரில் மறுபடி தேர்தல் வந்தது. போர் இன்னும் முடியவில்லை. ஜனாதிபதியை எதிர்த்து அவரே வேலையை விட்டு நீக்கிய ஒரு ஜெனரல் நின்றார். ஹைரம் ஜெனரல் கட்சி என்று சொல்லவும் வேண்டுமா? கட்சியின் மாவட்டச் செயலாளர் டெட்ரிக், பொன் சங்கிலிக் கடிகாரமும் தொப்பையுமாகத் தீவனக் கடைக்கே வந்து உட்கார்ந்தார்.

"வில்காக்ஸ், உங்க ஊரை மட்டும் ஜெயிச்சுக் குடுங்க. மார்ச் மாசம் தபால் ஆபீஸ் சாவி உங்க கையில. இது நான் குடுக்கிற வாக்கு."

"அந்தம்மாவை என்ன பண்ணுவீங்க?"

"அது ஜெனரல் பாடு. உங்களுக்குச் சாவி வேணுமா, வேண்டாமா?"

ஹைரமுக்கு வேண்டும்.

ஊரில் ஓட்டு சரிக்குச் சரி. எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரே கவலை சிப்பாய்களின் உறைகள். அந்த வருஷம்தான் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். போர்முனையில் இருப்பவன் தன் ஓட்டுச் சீட்டுகளை ஓர் உறைக்குள் ஒட்டி, அதை ஓர் அதிகாரத் தாளோடு இன்னொரு உறைக்குள் வைத்து, ஊரில் தனக்கு நம்பிக்கையான ஒருவருக்குத் தபாலில் அனுப்புவான். அவர் அதைக் கொண்டுவந்து பெட்டியில் சேர்ப்பார். அந்த நம்பிக்கையான ஆளின் பெயர், ஊர், தொழில் மூன்றும் தாளில் இருக்க வேண்டும். சிப்பாய்கள் பெரும்பாலும் ஜனாதிபதிக்குத்தான் போடுவார்கள் என்று ஊரே சொன்னது.

"அங்கதான் நீங்க வேலை செய்யணும்," என்றார் டெட்ரிக். "ஒரு புள்ளி தப்பினாலும் ஆட்சேபணை பண்ணுங்க."

செவ்வாய்க்கிழமை காலை ஊர் மண்டபத்தில் ஹைரம் கட்சியின் ஆட்சேபணைக்காரராக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நடுவில் அமோஸ் ட்ரிப், ஓட்டுச்சாவடித் தலைவர், தேவாலயத்தில் ஜபிப்பதுபோலவே இங்கேயும் மூக்கால் பேசுகிறவர். ஓரத்தில் அடுப்பு. வாசலில் ஆப்பிள் கள்ளும் இஞ்சி ரொட்டியும். பூட்ஸ் சேறு தரையெல்லாம்.

முதல் உறையோடு சைலஸ் பன் வந்தார். அமோஸ் தாளை வாசித்தார்: "சைலஸ் பன், ஹார்ட்வெல் மதகு. தொழில்: கொல்லன்."

"ஆட்சேபணை," என்றார் ஹைரம். "சைலஸ் கொல்லன் இல்லை. மதகுக் காவல்."

சைலஸ் வாய் பிளந்து நின்றார். "அடப்பாவி! குதிரை உதைச்சுக் கை ஒடிஞ்சது உனக்குத் தெரியாதா? நீதானேய்யா வண்டி கட்டி வைத்தியர்கிட்டக் கொண்டுபோன? பையன் பட்டாளத்துக்குப் போகும்போது நான் கொல்லன்தான்!"

"அதெல்லாம் எனக்குத் தெரியும். தாளுக்குத் தெரியாதே. எழுத்துன்னா எழுத்துதான்."

அமோஸ் பெருமூச்சு விட்டு அந்த உறையை மைக்கூட்டின் அடியில் ஒதுக்கி வைத்தார். சாயங்காலம் முடிவு சொல்வதாகப் பேச்சு. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு உறைகள் அங்கே போய்ச் சேர்ந்தன. ஒன்றில் அப்பாவின் நடுப்பெயர் இல்லை. இன்னொன்றில் ஊர்ப்பெயர் அரைகுறை. சுவரோரம் உட்கார்ந்திருந்த டெட்ரிக் கடிகாரச் சங்கிலியைத் தடவிக்கொண்டு ஹைரமைப் பார்த்துக் கண் சிமிட்டினார். சைலஸ் வீட்டுக்குப் போகவில்லை. அடுப்பருகே உட்கார்ந்து ஹைரமையே முறைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. லவினா ஷெர்வுட். கறுப்புக் கம்பளிச் சால்வை, ஓடி வந்த மூச்சு. பெண்பிள்ளை ஓட்டுச்சாவடிக்குள் வந்தால் நன்றாயிருக்காது என்று அவளுக்கே தெரியும். நிலைப்படியிலேயே நின்றாள்.

"மிஸ்டர் வில்காக்ஸ், ரயில் லேட்டு. பை இப்பத்தான் வந்துது. பெட்டி மூடுறதுக்குள்ள சேரணுமேன்னு ஆபீசைப் பூட்டிட்டு ஓடி வந்தேன். உங்களுக்கு ஒண்ணு இருக்கு."

ஹைரம் எழுந்துபோய் வாங்கினார். உறைமேல் தன் பெயர். சாய்ந்து சாய்ந்து, எதிர்காற்றில் நடக்கிறவன்போல் எழுதுகிற அந்தக் கையெழுத்து. பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் கொடுத்து இவரே சொல்லிக்கொடுத்தது. மூன்றரை வருஷம் பட்டியலில் தேடிய பெயர், மேல் மூலையில், உயிரோடு இருந்தது.

"அவன்..." என்றார்.

"முத்திரைத் தேதி போன வாரத்துது. பார்த்துட்டேன்," என்றாள் லவினா மெதுவாக. "போன வாரம் நல்லா இருந்திருக்கான்."

டெட்ரிக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, எங்க கட்சி ஜெயிச்சா உங்க வேலை போயிடும். அது தெரிஞ்சும் எங்க ஆளுக்கு நீங்களே கொண்டுவந்து குடுக்கிறீங்களா?"

"தபால் வந்தா சேர்க்கணும். அதுக்குத்தான் சம்பளம்."

ஹைரம் உறையை அமோஸிடம் நீட்டினார். அமோஸ் வெளி உறையைக் கிழித்துத் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். "லைமன் வில்காக்ஸ் ஆகிய நான், என் ஓட்டைச் சேர்க்க அதிகாரம் கொடுக்கும் நபர்: ஹைரம் வில்காக்ஸ், ஹார்ட்வெல் மதகு. தொழில்..." அங்கே நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "தொழில்: போஸ்ட்மாஸ்டர்."

அடுப்பருகே சைலஸ் சிரிக்க ஆரம்பித்தார். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"ஆட்சேபணை! நான் பண்றேன் ஆட்சேபணை! இந்த ஊர் போஸ்ட்மாஸ்டர் அதோ நிலைப்படியில நிக்குதே, சால்வை போட்டுக்கிட்டு! எழுத்துன்னா எழுத்துதான் ஹைரம். காலையில நீதானே சொன்ன?"

கொல்லென்று சிரித்தது கூட்டம். ஹைரம் சிரிப்பையே கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாது என்ற ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றியது. பதவி போனது பையனுக்குத் தெரியவே தெரியாது. யார் சொல்லியிருக்க வேண்டும்? இவர்தானே? மூன்றரை வருஷமாகச் சேற்றுக் குழியில் கிடக்கிறவன், ஊர்த் தபால் பையை எல்லாம் அப்பன்தான் பிரிக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். லெட்டர் போடாதே என்று சொன்ன அப்பனை நம்பி ஓட்டை அனுப்பியிருக்கிறான். ஊரில் வேறு ஆளா இல்லை?

டெட்ரிக் காதருகே குனிந்தார். "நல்லதாப் போச்சு, விடுங்க. எப்படியும் அது ஜனாதிபதி ஓட்டுதான். நாலாவதும் போய்த் தொலையட்டும். உங்க மேல யாரும் பழி சொல்லமாட்டாங்க."

அது உண்மைதான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். சாவி வீடு தேடி வரும்.

ஹைரம் தொண்டையைச் செருமினார். "அமோஸ், காலையில நான் பண்ணின மூணு ஆட்சேபணையையும் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"புத்தி பேதலிச்சுப் போச்சா உங்களுக்கு?" டெட்ரிக் கத்திவிட்டார். "சாவி வேண்டாமா?"

"வேணும். தூக்கத்திலகூட அந்தச் சாவிதான் வருது. ஆனா பையன் மூணரை வருஷத்துக்கு அப்புறம் என்கிட்ட ஒரு வேலை சொல்லியிருக்கான் ஐயா. முடியாதுன்னு சொல்லச் சொல்றீங்களா? எனக்கு ஒரு நியாயம், சைலஸுக்கு ஒரு நியாயமா?" குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்கவும் இல்லை. "சைலஸ், நான் பண்ணினது அயோக்கியத்தனம். உன் ஆட்சேபணை நியாயம்தான். நீ அதை வாபஸ் எடுத்தா எடு, எடுக்காட்டி போ. உன் உறை உள்ள போகட்டும்."

சைலஸின் சிரிப்பு எங்கோ போய்விட்டது. தாடியைச் சொறிந்தார். "அட, நான் சும்மா வயித்தெரிச்சல்ல சொன்னேன்யா. எடுத்தாச்சு, எடுத்தாச்சு. உன் பையன் போஸ்ட்மாஸ்டர்னு எழுதினா என்ன, அப்பன் அப்பன்தானே."

அமோஸ் மைக்கூட்டைத் தூக்கினார். நான்கு உறைகளையும் ஒவ்வொன்றாகக் கிழித்து, மடித்த சீட்டுகளை மடித்தபடியே பெட்டிக்குள் போட்டார். யாருக்கு ஓட்டு என்று யாரும் பார்க்கவில்லை. நிலைப்படியில் லவினா இல்லை. அடுத்த பை பிரிக்கப் போயிருந்தாள்.

பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். ஜனாதிபதிக்கு நூற்று நாற்பது. ஜெனரலுக்கு நூற்று முப்பத்தெட்டு. அந்த நாலு உறை இல்லாவிட்டால் ஜெனரல் இரண்டு ஓட்டில் ஜெயித்திருப்பார் என்று கணக்குப் போட யாருக்கும் சிலேட்டு தேவைப்படவில்லை. டெட்ரிக் தொப்பியை எடுத்துக்கொண்டு, ஹைரமிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வண்டியேறினார்.

மறுநாள் காலை தந்தியில் நாட்டு முடிவும் வந்தது. அதே ஜனாதிபதி, இன்னும் நாலு வருஷம். ஹைரம் அதைக் கேட்டு ஒரு தரம் காறித் துப்பினார். கட்சி கட்சிதானே. பிறகு தெருவைக் கடந்து தபால் ஆபீசுக்குள் போனார். அன்றைக்குப் பட்டியல் வரும் நாள் இல்லை.

"ஒரு ஸ்டாம்பு குடும்மா. பட்டாளத்துக்கு." சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஒட்டுறதுக்கு முன்னால ஒரு தடவை வாசிக்கிறேன். கேட்டுச் சொல்லு. 'லைமனுக்கு. உன் ஓட்டுப் பெட்டியில் சேர்ந்தது. தாளில் நீ எழுதியது பிழை. நான் போஸ்ட்மாஸ்டர் இல்லை. உன் ஜனாதிபதி என்னை வீட்டுக்கு அனுப்பி மூன்றரை வருஷம் ஆகிறது. இப்போது தீவனக் கடை வைத்திருக்கிறேன். அடுத்த தடவை எழுதும்போது சரியாக எழுது. அப்பா.'" கண்ணைத் தூக்கினார். "ரொம்பக் கடுமையா இருக்கோ?"

லவினா ஸ்டாம்பை எண்ணிக் கிழிக்கிற மாதிரி குனிந்து, சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"'அடுத்த தடவை'ன்னு எழுதியிருக்கீங்களே மிஸ்டர் வில்காக்ஸ். அது போதும் அவனுக்கு."

உறையை ஒட்டி ஸ்டாம்பை வைத்தார். அவள் முத்திரைக் கட்டையை எடுத்தாள். எடுத்தவள் என்ன நினைத்தாளோ, கைப்பிடியை அவர் பக்கம் திருப்பிக் கவுண்டர்மேல் நீட்டினாள். "இதை நீங்களே அடிங்க."

ஹைரம் அடித்தார். எட்டு வருஷத்துப் பழக்கம், மூன்றரை வருஷத்து ஆத்திரம், இரண்டும் சேர்ந்து விழுந்த அடியில் மைக்கூடு துள்ளியது.

"மெதுவா! அரசாங்கச் சொத்து!" என்று சிரித்தாள் லவினா.

அந்த நேரம் வாசலில் சைலஸின் குரல். "போஸ்ட்மாஸ்டரே, எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா?"

ஹைரம் திரும்பவில்லை. மகன் பெயரின்மேல் பட்டிருந்த மை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தார்.