வீட்டில் ஒரு திடமான ஆள்

அன்று காலை முழுவதும் அப்பாவுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாக நடக்க அல்ல, தள்ளாடி நடக்க. முதியோர் நலத்துறையிலிருந்து வரும் பெண் அதிகாரியின் கண்ணுக்கு அவர் முடியாதவராகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க அரசாங்கம் அனுப்பும் உதவியாளர் அக்காவை நிறுத்திவிடுவார்கள். வீட்டில் திடமான ஆள் ஒருவர் இருந்தால் உதவிக்கு ஆள் கிடையாது என்று புதிதாக ஒரு விதி. விதி போட்டவர்கள் வீட்டில் யாரும் படுத்துக் கிடக்கவில்லை போலிருக்கிறது.

அம்மாவுக்குப் பக்கவாதம். இடது பக்கம் வராது. பேச்சு வரும், மெதுவாக. நான் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். அப்பா பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், முதுகு எப்போதோ போய்விட்டது. ஆனாலும் அதே நலத்துறை நடத்தும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒரு நாள் தவறமாட்டார். கையை வீசி விறுவிறுவென்று நடப்பார்; குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியாது. இதை ஒரு அதிகாரிக்கு எப்படிப் புரியவைப்பது?

அதிகாரி வந்து உட்கார்ந்ததும் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார், நான் சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே. அதிகாரி அவரை உற்றுப் பார்த்தார்.

“ஐயா, எங்க ஆபீஸ் வாசல் போஸ்டர்ல இருக்கறது நீங்கதானே?”

போச்சு. உடற்பயிற்சிக் கூடத்தில் எடுத்த படம் அது. இரண்டு கையிலும் டம்பெல், வாய் கொள்ளாத சிரிப்பு. வேண்டாம் வேண்டாம் என்று அப்போதே தலையில் அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே? அப்பாவின் கை சுவரை விட்டது. முதுகு நிமிர்ந்தது. ஆமாம் என்றார். அவருக்குப் பத்து வயது குறைந்தது, எனக்கு ஏறியது.

அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் காட்ட முடியுமா என்று அதிகாரி கேட்டார். முடியவில்லை என்றால் சொல்லிவிடலாம் என்றும் சொன்னார், பாவம். நான் கண்ணைக் காட்டினேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மாவின் கைகளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினார். பாதியில் அவர் முழங்கால் நடுங்கியது. நான் ஓடினேன். நகரு என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எப்படியோ நாற்காலியில் இறக்கிவிட்டார்.

வாசல் வரை அதிகாரியின் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன்.

“மேடம், அவருக்கு நெஜமாவே முதுகு முடியாது.”

“சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரே, அந்த மாதிரியா?”

அடுத்த மாதத்திலிருந்து அந்த அக்கா வரமாட்டார் என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

உள்ளே வந்தால், அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி குனிந்தே நின்றார். நிமிர முடியவில்லை. அவரைத் திட்டத்தான் வந்தேன், அழுகைதான் வந்தது. அம்மா வலது கையை நீட்டி அவர் தலையைத் தொட்டாள்.

“ராத்திரி என்னைத் தூக்க வேணாம்,” என்றாள், ஒவ்வொரு வார்த்தையாக. “நான் நாற்காலியிலேயே தூங்கிக்கறேன்.”